விரலுக்குத் தெரிந்த மணல்

அத்தியாயம் 14

சென்ற வாரம் கலவையக்காவைச் சமையலறையில், கையில் ஒரு கண்ணாடிக் குப்பியோடும் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடும் விட்டுவிட்டு வந்தோம்.

குப்பியில் இருந்தது அவள் தன் கையால் செய்த களிம்பு. குளிர்காலத்தில் தோல் வறண்டு வெடிக்காமல் இருக்க, ஆறு வருடமாக அவள் தனக்கும் தெரிந்தவர்களுக்கும் செய்து கொடுப்பது. இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. நாத்தனார் ஒரு துளி எடுத்து விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தாள். "மணலா இருக்கு அண்ணி" என்றாள். போய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் ஏழு மாதக் கணக்கு அதன் பின்னால் நின்றது. வேலை பார்த்த தொலைபேசி நிலையத்தை இழுத்து மூடிய பிறகு, பெட்டியும் கைத்தடியுமாக அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாத்தனார் இந்த ஏழு மாதத்தில் குறை சொல்லாத பொருள் அந்த வீட்டில் இல்லை. போர்வையில் முள் இருக்கிறது என்றாள். தட்டில் சோப்பு போகவில்லை என்றாள். புதிதாகப் பூசிய சுவரில் தூரிகை மயிர் ஒட்டியிருக்கிறது என்றாள். சுவரைப் பூசியது கலவையக்கா. ஊரில் பெரிய பெயிண்டுக் கடையில் வண்ணம் கலக்கிற மேசையில் இருபது வருடமாக நிற்கிறவள். அந்த மேசைதான் அவளுக்கு அந்தப் பெயரையும் வாங்கிக் கொடுத்தது.

நாத்தனாருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவளை அண்ணன் சின்ன வயதிலிருந்து 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவான். எப்போதும் பிரெயில் புத்தகத்தின் மேடான புள்ளிகளைத் தடவிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். இன்று வயது முப்பத்தைந்து, பெயர் மாறவில்லை.

அந்தப் புள்ளிக்கு இன்று மதியம் மூன்று மணிக்குத் தேர்வு.

பிரெயில் அச்சகத்தில் பிழை திருத்துகிற வாசகர் வேலை. ஒரே ஒரு இடம். தேர்வும் ஒரே முறைதான். தேறிவிட்டால் அச்சகத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு தன் காலில் நிற்கலாம். தேறாவிட்டால் மறுபடியும் அண்ணன் வீட்டு ஓரத்து அறை, மறுபடியும் அடுத்தவர் தயவு. இதில் அவளுடைய ஆசை எவ்வளவோ அவ்வளவு கலவையக்காவுக்கும் உண்டு. புள்ளி வீட்டை விட்டுப் போனால் போதும் என்கிற ஆசை. களிம்பு செய்த அவசரத்தில் பாதி அக்கறை, பாதி சுயநலம். நாம் ஒளிப்பானேன்.

சிக்கல் என்னவென்றால், குளிர் வந்ததிலிருந்து புள்ளியின் விரல் நுனிகள் காய்ந்து அட்டையாகியிருந்தன. ஆள்காட்டி விரலில் இருந்த வெடிப்பு ஒருவழியாக மூடிவிட்டது. ஆனாலும் புள்ளிகள் எட்டத்தில் இருக்கிற மாதிரி, கையுறை போட்டுக்கொண்டு தடவுகிற மாதிரி இருக்கிறது என்றாள். கடையில் வாங்கிய களிம்பு தாளில் எண்ணெய்க் கறையை வைத்தது. கலவையக்காவின் களிம்பு மணல் என்று பெயர் வாங்கியது.

இன்று காலை கலவையக்கா அந்தக் குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

"அதை எதுக்கு எடுத்துட்டுப் போற?" என்றான் புருஷன். பேருந்து ஓட்டுநர். சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கடையில நாலு பேர் வெரல்ல தேய்ச்சுப் பாக்கட்டும். யார் வெரல்ல மணல் இருக்குன்னு தெரியட்டும்."

"புள்ளி சும்மா சொல்ல மாட்டா."

"அப்ப நான் சும்மா செஞ்சேனா?"

ஓட்டுநர் பொத்தானைப் போடுவதில் மும்முரமாகிவிட்டான். எந்தச் சந்தில் எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்று தெரிந்த மனிதன்.

கடையில் நாலு பேரும் தேய்த்துப் பார்த்தார்கள். நாலு பேரும் வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது என்றார்கள். ஒருத்தி இன்னொரு துளி கேட்டாள். கலவையக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. அத்தோடு விட்டிருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும்.

ஆனால் இருபது வருடப் பழக்கம் சும்மா இருக்க விடாது. வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம். கலந்த பெயிண்டைச் சோதிக்கிற கறுப்பு அட்டை மேசையில் கிடந்தது. அட்டையின் ஒரு முனையில் ஒரு துளி வைத்து, தட்டையான இரும்புத் தகட்டால் ஒரே இழுப்பாக இழுத்தால், பெயிண்டு முடி கனத்துக்குப் படரும். கட்டி இருந்தாலும் தூசி இருந்தாலும் அதில் மறைய முடியாது. பெயிண்டுக்குத் தினமும் பத்து முறை செய்கிற இந்தச் சோதனையை அவள் தன் களிம்புக்கு ஒரு நாளும் செய்ததில்லை. களிம்பு பெயிண்டு இல்லையே.

ஒரு துளி வைத்தாள். இழுத்தாள். அட்டையை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தாள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கறுப்பு அட்டை முழுக்க வெள்ளைப் பொடி. ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். ஊசி முனையை விடச் சின்னச் சின்னக் குருணைகள், விளக்கொளியில் ஒவ்வொன்றும் தன் நிழலோடு நின்றன. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சாய்த்தால் தெரிந்தன. மறுபடி நேராக்கினாள், மறுபடி சாய்த்தாள். நாலு பேர் விரலுக்குத் தெரியாதது, இருபது வருடம் வண்ணம் பார்த்துப் பழகிய தன் கண்ணுக்குத் தெரியாதது, புள்ளியின் காய்ந்து போன விரலுக்கு ஒரே தேய்ப்பில் தெரிந்திருக்கிறது.

காய்ந்த விரலுக்கே இவ்வளவு தெரியும் என்றால், நல்ல விரலுக்கு என்னவெல்லாம் தெரியும்?

கலவையக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். போர்வை முள் ஞாபகம் வந்தது. தட்டில் சோப்பு ஞாபகம் வந்தது. சுவரில் தூரிகை மயிர். ஏழு மாதமாகத் தன்னைக் குத்திக்காட்டுவதற்காகவே சொன்னதாக நினைத்த ஒவ்வொன்றும் இப்போது வரிசையில் வந்து நின்றது. எல்லாம் அங்கே இருந்திருக்கின்றன. இவளுக்குத்தான் தெரியவில்லை.

காரணம் அவளுக்கு உடனே பிடிபட்டது. களிம்பில் போடுகிற ஷியா வெண்ணெயை, ஆப்பிரிக்கக் கொட்டையிலிருந்து எடுக்கிற அந்தக் கெட்டிக் கொழுப்பை, உருக்கினால் சட்டென்று ஆற வைக்க வேண்டும். தானாக மெல்ல ஆற விட்டால் அது உள்ளுக்குள் குருணை கட்டிக்கொள்ளும். ஆறு வருடமாக அவள் குப்பியை ஜன்னலோரம் வைத்து மெல்ல ஆற விடுகிறாள். மேலே பார்க்க வழவழவென்று அழகாக வரும் என்பதற்காக.

முதலாளியிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வெப்பமானியையும் ஒரு கறுப்பு அட்டையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மணி பத்தரை.

புள்ளி தன் அறையில், சூடேற்றியின் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பக்கம் ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சீக்கிரம் வந்துட்டீங்க."

"நீ சொன்ன மணல் இருந்துச்சு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுதானே அண்ணி சொன்னேன்."

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பதிலுக்கே ஒரு வாரம் பேச்சு நின்றிருக்கும். கலவையக்கா மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள்.

"எழுந்து வா. மறுபடியும் செய்யலாம். இந்தத் தடவை நீ பக்கத்துல இருக்கணும். எனக்குத் தெரியல, உனக்குத்தான் தெரியுது."

புள்ளியின் விரல் பக்கத்தின் நடுவில் நின்றது. அந்த வீட்டில் யாரும் அவளிடம் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

சமையலறையில் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் பாதாம் எண்ணெயும் ஷியா வெண்ணெயும், எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கிற வெள்ளை மெழுகுச் சில்லுகளும். இன்னொன்றில் கொதித்து இறக்கிய சுத்தமான தண்ணீரும் ஒரு கரண்டி கிளிசரினும். இரண்டையும் ஒரே வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிச் சூடாக்கினாள். ஒன்று சூடு, மற்றது ஆறல் என்றால் இரண்டும் சேராது. பெயிண்டோ களிம்போ, அதில் மட்டும் ஒரே சட்டம்.

"எண்ணெய் இந்தத் தடவை பாதிதான்" என்றாள். "தாள்ல ஒட்டக் கூடாது. தோலுக்குள்ள போயிடணும்."

"எண்ணெய் வாசம் வருது. தண்ணியோட வாசமும் வருது."

"தண்ணிக்கு ஏது வாசம்?"

"இருக்கு அண்ணி."

கலவையக்கா வாதாடவில்லை. இன்றைக்கு வாதாடுகிற நாள் இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

வெப்பமானி எழுபதைத் தொட்டது. புள்ளியின் கையில் கம்பி மத்தைக் கொடுத்து, தான் தண்ணீரை மெல்லிய தாரையாக எண்ணெயில் ஊற்றினாள். மஞ்சள் எண்ணெய், நிறமில்லாத தண்ணீர். முதல் அரை நிமிடம் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனித்தனியாகச் சுற்றின. பிறகு, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில், கிண்ணம் முழுவதும் பால் வெள்ளையாக மாறியது.

ஆறு வருடமாகப் பார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் அவளுக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். வெள்ளையே இல்லாத இரண்டு பொருளிலிருந்து எங்கிருந்து வருகிறது இந்த வெள்ளை? காரணம் அவளுக்குத் தெரியும், கடையில் பத்துப் பேருக்கு விளக்கியும் இருக்கிறாள். தெரிந்ததால் ஆச்சரியம் ஒரு துளி கூடக் குறையவில்லை.

"வெள்ளையாயிடுச்சு" என்றாள், தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்தி.

"ஆமா."

"உனக்கெப்படி..."

"வெள்ளைன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா மத்தோட குரல் மாறிடுச்சு. இவ்வளவு நேரம் சளசளன்னு பேசிட்டிருந்துச்சு. இப்ப மெதுவா, யோசிச்சுப் பேசுது."

கலவையக்கா காதைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். உண்மைதான். தன் வாழ்நாளில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

பிறகு ஐஸ் போட்ட தட்டில் கிண்ணத்தை இறக்கினார்கள். புள்ளி விடாமல் கலக்கினாள். நிமிடத்துக்கு ஒரு முறை கலவையக்கா ஒரு துளியை எடுத்து அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தாள்.

"இருக்கா?"

"இல்ல. ஆனா வரப் பாக்குது. ஐஸ் போடுங்க."

போட்டாள்.

"இப்ப?"

"கலக்கறதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினா வந்துடும்."

கை மாற்றிக் கை மாற்றிக் கலக்கினார்கள். தோள் கடுத்தது. கலவையக்கா மத்தை வாங்கும்போது இருவர் விரலும் முட்டிக்கொண்டன. அந்த விரல்களின் சொரசொரப்பு அவளுக்குச் சுருக்கென்றது. இந்த விரலை வைத்துக்கொண்டா இவள் தினமும் ஆறு மணி நேரம் படித்துப் பழகினாள்?

கடைசித் துளியைப் புள்ளி வெகுநேரம் தேய்த்தாள். கண்ணிமை படபடத்தது.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "அண்ணி, இதுல ஒண்ணுமே இல்ல."

அதைவிடப் பெரிய பாராட்டைக் கலவையக்கா கேட்டதில்லை. அட்டையில் இழுத்துப் பார்த்தாள். கறுப்பின் மேல் ஒரே சீரான பனி. ஒரு குருணை கிடையாது.

இரண்டு கைக்கும் பூசி, மெல்லிய பருத்திக் கையுறையை மாட்டிவிட்டாள். "மூணு மணி வரைக்கும் எதையும் தொடாதே."

"மூக்கு அரிக்குது."

"நான் சொறிஞ்சு விடறேன்."

அந்த வீட்டில் ஏழு மாதத்தில் முதல் முறையாக இரண்டு பெண்களும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

இரண்டேகாலுக்கு ஓட்டுநரின் பேருந்திலேயே ஏறினார்கள். இருவரும் ஒரே இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அவன் கண்ணாடியில் பார்த்தான். நம்ப முடியாமல் மறுபடி பார்த்தான். "ரோட்டைப் பாத்து ஓட்டச் சொல்லுங்க அண்ணி" என்றாள் புள்ளி, அவன் கண்ணாடியில் பார்ப்பதை எப்படித்தான் கண்டுபிடித்தாளோ.

அச்சகம் இரண்டாம் மாடியில் இருந்தது. இரும்பு அலமாரிகள், தடிமனான தாள் கட்டுகள், எங்கோ ஓர் இயந்திரம் தாளை அழுத்துகிற சத்தம். சுவரில் ஒரு படமில்லை, ஒரு காலண்டர் இல்லை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் தலைமை வாசகர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பார்வை இல்லை. முப்பது வருடமாக அந்த அச்சகத்திலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு பக்கமும் அவர் விரலைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

"கூட வந்திருக்கறது யாரு?"

"என் அண்ணி சார்."

"கண்ணு தெரியுமா?"

"தெரியும் சார்" என்றாள் கலவையக்கா. காலையிலிருந்து அந்தப் பதிலில் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருந்தது.

"நல்லதாப் போச்சு. மூலத்தைப் படிச்சு ஒத்துப் பாக்கறவருக்குக் காய்ச்சல், இன்னைக்கு வரல. நீங்க உதவி பண்ணணும். சொந்தம்னு சலுகை காட்டக் கூடாது."

"பொய் சொல்ற அளவுக்கு எங்களுக்குள்ள பாசம் கிடையாது சார்."

புள்ளி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

தலைமை வாசகர் விதியைச் சொன்னார். அச்சாகி முடிந்த கைப்புத்தகம் ஒன்றிலிருந்து இருபது பக்கம். பார்வையில்லாதவர்கள் தங்கள் மாத்திரைகளைத் தாங்களே எடுத்துச் சாப்பிட உதவுகிற புத்தகம். அதில் அவரே ஊசியால் சில புள்ளிகளைக் கூட்டியும், சிலவற்றை நசுக்கியும் பன்னிரண்டு பிழைகளைப் போட்டு வைத்திருக்கிறார். புள்ளி வாய்விட்டுப் படித்துப் பிழையைச் சொல்ல வேண்டும். கலவையக்கா மைஅச்சில் இருக்கிற மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பிழையை விட்டால் ஒரு மதிப்பெண் போகும். சரியாக இருப்பதைப் பிழை என்று சொன்னால் தேர்வே போய்விடும்.

"இல்லாததைக் கண்டுபிடிக்கிறவங்க இங்க வேண்டாம்" என்றார்.

கலவையக்கா மூலப் பிரதியை எடுத்துத் தன் முன்னால் விரித்துக்கொண்டாள்.

புள்ளி கையுறையைக் கழற்றினாள். ஒரு துணியில் விரல்களைத் துடைத்தாள். காலையில் அட்டையாக இருந்த நுனிகள் இப்போது மிருதுவாக, லேசாகச் சிவந்து இருந்தன. முதல் தாளின் மேல் இரண்டு கைகளையும் வைத்தாள்.

கலவையக்கா அந்தத் தாளைப் பார்த்தாள். வெள்ளைத் தாள். ஒரு சொட்டு மை இல்லை. வெள்ளையின் மேல் வெள்ளை. எண்ணூறு வண்ணங்களைப் பெயர் சொல்லிப் பிரிக்கத் தெரிந்தவளுக்கு அதில் படிக்க ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமில்லாததிலிருந்து புள்ளி படிக்கத் தொடங்கினாள்.

வலது கை வரியை முடிக்கும் முன்பே இடது கை கீழே இறங்கி அடுத்த வரியின் தலையைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் நடுவில் சந்தித்தன, பிரிந்தன, மறுபடி சந்தித்தன. தோல் தாளில் உரசுகிற மெல்லிய சத்தம். வாய் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டே போயிற்று. இந்தக் கைகள்தான் ஏழு மாதமாகத் தன் வீட்டில் தட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தன என்று நினைத்தபோது கலவையக்காவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மீறி ஒரு பிரமிப்பு. மயிர்க்கால் சிலிர்த்தது.

"மூணாவது வரி, ஒரு புள்ளி நசுங்கியிருக்கு."

தலைமை வாசகர் தலையசைத்தார். "ஒண்ணு."

"இங்க ஒண்ணு கூட இருக்கு."

"ரெண்டு."

பதினாறாம் பக்கம் முடியும்போது பன்னிரண்டும் வந்துவிட்டன. தலைமை வாசகரின் முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி. கலவையக்கா மனதுக்குள் புள்ளிக்கு வாடகைக்கு அறை பார்த்து, திரைச்சீலைக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

பதினேழாம் பக்கம். "காலையில் சாப்பிட்ட பின் இந்த மாத்திரை..." புள்ளி நின்றாள். விரல் ஓரிடத்திலேயே வட்டமிட்டது. "மூலத்துல எத்தனை அண்ணி?"

"ஒண்ணு."

"இங்க ரெண்டுன்னு இருக்கு. பிழை சார்."

தலைமை வாசகரின் மலர்ச்சி போன இடம் தெரியவில்லை. "அங்க நான் எதுவும் போடலையே."

தாளைத் தன் பக்கம் இழுத்துத் தடவினார். பிரெயிலில் ஒன்று என்பதற்கு ஒரு புள்ளி. அதன் கீழே இன்னொரு புள்ளி வைத்தால் இரண்டு. "ஒண்ணுதான் இருக்கு."

"கீழ ஒண்ணு பாதி எழும்பி நிக்குது சார்."

மறுபடி தடவினார். மூன்றாம் முறையும் தடவினார். "இல்லம்மா" என்றார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. "நல்லாப் படிச்சே. இவ்வளவு தூரம் வந்துட்டு இல்லாததைச் சொல்லிட்டியே. விதி தெரியும்ல?"

புள்ளியின் முகம் வெளிறியது. கைகள் மடிக்கு இறங்கின. அவள் வாதாடவில்லை. அதுதான் கலவையக்காவைச் சுட்டது. தன் வீட்டிலும் இவள் இரண்டாம் முறை சொன்னதில்லை. ஒரு முறை சொல்வாள், நம்பாவிட்டால் போய்க் கையைக் கழுவிக்கொள்வாள்.

கலவையக்கா எழுந்தாள். "சார், அந்தத் தாளைக் கொஞ்சம் ஜன்னல்கிட்ட எடுத்துட்டுப் போகலாமா?"

"உங்களுக்கு பிரெயில் தெரியுமா?"

"தெரியாது. நிழல் பாக்கத் தெரியும்."

மதிய வெயில் கண்ணாடி வழியாகச் சாய்வாக விழுந்தது. தாளை நேராகப் பிடித்தாள். ஒன்றுமில்லை. மெல்லச் சாய்த்தாள். முழுப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் ஒரு சின்ன நிழலை நீட்டிக்கொண்டு எழுந்தன. புள்ளி காட்டிய இடத்தில், முழுப் புள்ளிக்குக் கீழே, நிழல் என்று சொல்லக்கூட முடியாத ஒரு சாயல்.

"இருக்கு சார்."

"நீங்க சொந்தக்காரங்க."

"சொந்தக்காரிதான். அதனாலதான் ஏழு மாசமா இவ சொன்ன எதையும் நான் நம்பல. இன்னைக்குக் காலையிலதான் புத்தி வந்துச்சு. புள்ளி இருக்கு சார்."

தலைமை வாசகர் தாளைத் திரும்ப வாங்கினார். பிழை போடும்போது தன் ஊசி நழுவியிருக்கலாம் என்று முணுமுணுத்தார். எழுந்து அலமாரிக்குப் போய், கை படாத புதுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். பதினேழாம் பக்கத்தைப் பிரித்துத் தடவினார். பிறகு புத்தகத்தைப் புள்ளியின் பக்கம் தள்ளினார்.

புள்ளி தொட்ட வேகத்தில் சொன்னாள். "இதுலயும் இருக்கு சார்."

கலவையக்கா சாய்த்துப் பார்த்தாள். இருந்தது. அப்படியானால் ஊசி இல்லை. எல்லாப் புத்தகத்தையும் அழுத்துகிற உலோகத் தகட்டிலேயே அந்த மேடு இருக்கிறது. தகட்டுக்கு அனுமதி கொடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் இரண்டு கைகளையும் மேசை மேல் மல்லாத்தி வைத்தார். அப்போதுதான் கலவையக்கா அந்த விரல்களைப் பார்த்தாள். பத்து நுனிகளும் வறண்டு, வெளுத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்திருந்தன. இரண்டில் பிளாஸ்திரி.

"இந்தப் புத்தகம் நானூறு பிரதி" என்றார் மெதுவாக. "வியாழக்கிழமை கட்டுக்கட்டா வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிடுச்சு. ஒரு மாத்திரைக்கு ரெண்டுன்னு படிக்கப் போறாங்க. நல்ல விரல் இருக்கறவங்கதான் படிப்பாங்க. என் விரலுக்குத் தெரியாதது அவங்க விரலுக்குத் தெரியும்."

இயந்திரம் அடுத்த அறையில் தாளை அழுத்திக்கொண்டே இருந்தது.

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து ஏதோ மந்தமா இருந்துச்சு" என்றார். "தாள் தரம் குறைஞ்சு போச்சுன்னு நினைச்சேன். தாளைத்தான் குறை சொன்னேன்."

தொலைபேசியைத் தேடி எடுத்தார். எண்ணை அழுத்தும் முன் புள்ளி இருந்த பக்கம் திரும்பினார்.

"வேலை உனக்குத்தான்னு நான் இப்ப சொல்ல முடியாதும்மா. இனிமே நானே இந்த நாற்காலியில இருப்பேனான்னு தெரியல. ஆனா இந்தக் குளிர்ல நான் படிச்சு அனுப்பினது பதினோரு புத்தகம். ஒவ்வொண்ணுலயும் ஒரு பிரதி அந்த அலமாரியில இருக்கு. அதை மறுபடியும் படிக்க ஒரு விரல் வேணும். இன்னைக்கே வேணும்."

புள்ளி எழுந்தாள். கைத்தடி இல்லாமலே அலமாரி இருந்த திசையில் நடந்தாள். கலவையக்கா புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கி மேசையில் வைத்தாள். மூலப் பிரதிகளையும் தேடி எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். இன்றைக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் தொலைபேசியில், அனுப்பிய புத்தகங்களை நிறுத்தச் சொல்ல வேண்டும், மருத்துவமனைப் பிரிவுக்கு இணைப்புக் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் உறுதியாக இருந்தது.

புள்ளி முதல் புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கம் ஓடியது. இரண்டாம் பக்கத்தில், நாலாவது வரியின் நடுவில், அவள் விரல் நின்றது.

"அண்ணி" என்றாள், அவருக்குக் கேட்காத குரலில். "ஜன்னல்கிட்ட போங்க."